கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாலும் இதயத்துக்குக் கணக்கில் சேரும்

போன இதழில் நடைப்பயிற்சி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நடக்கப் பிடிக்காதவர்கள் வீட்டில் பாட்டுப் போட்டு ஆடலாம், இதயத்துக்கு அதுவும் நல்ல பயிற்சிதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க ஆட்டம்தான்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். காலையில் சமையல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது என்று போய்விடுகிறது. சாயங்காலம் நடக்கலாம் என்றால் தெருவில் நாய்த் தொல்லை, மெயின் ரோட்டுக்குப் போனால் லாரி. நீங்கள் எழுதியதைப் பார்த்து ரூமுக்குள் பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இது தேவையா?" என்கிறார். எனக்கு ஆட்டமும் ஒழுங்காக வராது, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகிறது. இது நிஜமாகவே உடற்பயிற்சியா? எப்படி ஆட வேண்டும்? (வாசகி, பாலக்கோடு)

நிஜமாகவே உடற்பயிற்சிதான் அம்மா. கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போனால் போகட்டும். தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள் விடாமல் வேலை செய்யும்போது அவற்றுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இப்படிப் பழகினால் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ள இதயம் கற்றுக்கொள்ளும், சும்மா இருக்கும் நேரத்தில் நாடித்துடிப்பு குறையும், ரத்தக் குழாய்களின் சுவர் இளகிக் கொடுக்கும். உங்களைப் போல பி.பி. உள்ளவர்கள் இந்த மாதிரிப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் மேல் அளவு 5 முதல் 8 வரை குறைய வாய்ப்பு உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைக்கலாமா என்பதை அளவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். அரை மணியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை, குழம்பு கொதிக்கும்போது இரண்டு பாட்டு, சாயங்காலம் நான்கு பாட்டு என்று பிரித்துக்கொண்டாலும் சரி. ஆனால் மூச்சு ஏற வேண்டும். அதுதான் முக்கியம். ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும், கூடவே பாட முடியக் கூடாது. பாட்டோடு சேர்ந்து சுகமாகப் பாட வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் குறையுங்கள்.

நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 220-ல் வயதைக் கழிக்க வேண்டும், உங்களுக்கு 174. அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரை, அதாவது நிமிடத்துக்கு 87 முதல் 122 வரை துடித்தால் மிதமான பயிற்சி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு எச்சரிக்கை: அட்டினலால், மெட்டோபிரலால் மாதிரியான பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, மருந்தே அதைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணிக்கை வரவில்லையே என்று அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது, பேச்சை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையை ஒரு தடவை பாருங்கள்.

எப்படி ஆடுவது என்று கேட்டீர்கள். முதல் பாட்டு மெதுவானதாக இருக்கட்டும், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வையுங்கள், தோளைச் சுழற்றுங்கள். இரண்டாவது பாட்டில் வலப் பக்கம் இரண்டு எட்டு வையுங்கள், இடப் பக்கம் இரண்டு எட்டு வையுங்கள். அப்புறம் வேகமான பாட்டு இரண்டோ மூன்றோ. அதில் கும்மி அடியுங்கள், சின்ன வயதில் அடித்திருப்பீர்கள்தானே? குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, பாதி திரும்பி ஒரு கொட்டு, ஒரு எட்டு முன்னால். கும்மியில் காலும் கையும் இடுப்பும் ஒன்றாக வேலை செய்கின்றன, போகப் போகத் தாளமும் தானாக வேகம் பிடிக்கும். இதயத்துக்கு இதைவிட நல்ல ஆட்டத்தை நீங்கள் காசு கொடுத்துத் தேட வேண்டியதில்லை. குனிந்து நிமிரும்போது தலை சுற்றினால் மட்டும் குனிவதை விட்டுவிட்டு நின்றபடியே கொட்டுங்கள். கடைசிப் பாட்டு திரும்ப மெதுவானது. ஈரத் தரையில் ஆட வேண்டாம், கால் தடுக்கும் சேலையும் வேண்டாம், சுடிதார் வசதி.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். குனிந்து பெருக்கும்போதும் குடம் சுமக்கும்போதும் "இந்த வயசுல தேவையா" என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. தனக்காக ஒரு அரை மணி நேரம் உடம்பை அசைத்தால் மட்டும் கேள்வி வருகிறது. என்னிடம் வருகிற நிறையப் பெண்கள் கேலிக்குப் பயந்தே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை. நீங்கள் விடாதீர்கள் அம்மா. அவருக்கும் பி.பி. பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கி வைக்கப்பட்டதே நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீடு தேடி வருகிற பணியாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது உங்கள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து பி.பி. பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பி.பி. 180/110-க்கு மேல் இருக்கிற நாளில் ஆட வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: நடப்பது மேலா, ஆடுவது மேலா? ஒரே வரியில் சொல்லவும். (வாசகர், தர்மபுரி)

விடாமல் எதைச் செய்வீர்களோ அது மேல்.

இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால், பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய 48,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலை வைத்து 2016-ல் ஒரு ஆய்வு வெளியானது. மூச்சு ஏறும் அளவுக்கு ஆடுகிற பழக்கம் உள்ளவர்கள் இதய நோயால் இறப்பது, ஆடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதியளவுக்குக் குறைவாக இருந்தது. வேகமாக நடக்கிறவர்களுக்கும் நன்மை இருந்தது, அது இதைவிடக் கொஞ்சம் கம்மி. அதற்காக ஆட்டம் மட்டும்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆடுகிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாகவும் நாலு பேரோடு பழகுகிறவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் ஆட்டத்தைச் சாதாரணமாக நினைத்து ஒதுக்க முடியாது என்பதற்கு அது போதும்.

கேள்வி: வயது 32. ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். யூடியூப் பார்த்து வேகமான டான்ஸ் ஒர்க்அவுட் செய்கிறேன். பாதியிலேயே வாட்ச் 175 காட்டுகிறது. முடித்து உட்கார்ந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. இதயம் வீக்கா? (வாசகர், ஓசூர்)

தம்பி, பெரும்பாலும் நீங்கள் நிறுத்துகிற முறையில்தான் கோளாறு. ஆடும்போது கால் தசைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும், கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் சட்டென்று நின்று உட்கார்ந்தால் அந்தத் தள்ளல் நின்றுபோகிறது, ரத்தம் காலிலேயே தேங்குகிறது, மூளைக்குப் போவது ஒரு நொடி குறைகிறது, கண் இருட்டுகிறது. முடித்ததும் ஐந்து நிமிடமாவது அறைக்குள்ளேயே மெதுவாக நடந்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

அந்த 175-ம் அதிகம்தான். 32 வயதுக்கு உச்சக் கணக்கு 188, கடுமையான பயிற்சிக்கே அதில் 70 முதல் 85 சதவீதம், அதாவது ஏறத்தாழ 132 முதல் 160 வரை போதும். கையை வீசி ஆடும்போது வாட்ச் தப்பாகவும் காட்டும், அதனால் நடுவில் ஒருமுறை நின்ற இடத்தில் காலை அசைத்துக்கொண்டே கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். வேகமான பயிற்சியாக இருந்தால் வாரத்துக்கு 75 நிமிடமே கணக்குக்குப் போதும், தினமும் உயிரை விட வேண்டாம். வீடியோவில் ஆடுகிறவர் பல வருடம் பழகியவர், அவர் வேகத்தை முதல் மாதமே பிடிக்க நினைக்காதீர்கள். குதிக்கிற இடத்தில் நீங்கள் குதிக்காமல் எட்டு வையுங்கள், அதிலேயே துடிப்பு இறங்கிவிடும்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல், வெறும் டீயைக் குடித்துவிட்டு ஆடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது லேசாகச் சாப்பிட்டபின் ஆடலாம்.

மெதுவாக முடித்தும் கண் இருட்டுகிறது, அல்லது ஆடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வருகிறது, நெஞ்சு இறுக்குகிறது, அல்லது உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்றால் காத்திருக்காமல் இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் எடுத்துப் பாருங்கள். வயது 32 தானே என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஜும்பா வகுப்பில் சேரலாமா? மாதக் கட்டணம் அதிகமாக இருக்கிறது. (வாசகி, கிருஷ்ணகிரி)

பணம் கட்டினால்தான் ஒழுங்காகப் போவேன் என்கிற ஆள் நீங்கள் என்றால் சேருங்கள், கூட நாலு பேர் ஆடும்போது சலிப்பும் தட்டாது. கட்டணம் கஷ்டமாக இருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜும்பா கொலம்பியாவில் 1990-களில் பெட்டோ பெரேஸ் என்கிற பயிற்சியாளர் தொடங்கியது, சல்சா, மெரெங்கே மாதிரி லத்தீன் அமெரிக்க ஆட்டங்களின் எளிய எட்டுகளைத் தொடர்ந்து ஆட வைப்பதுதான் அதன் முறை. அவர்கள் தங்கள் பக்கத்துத் தாளத்தை எடுத்தார்கள், நீங்கள் பம்பை, உடுக்கைச் சத்தத்துக்கு ஆடினாலும் இதயத்துக்குப் பலன் அதேதான்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. வாரம் இரண்டு நாள் பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறாள். அதுவே உடற்பயிற்சிக்குப் போதும்தானே? (வாசகி, காவேரிப்பட்டணம்)

போதாது. பரதம் நல்ல பயிற்சிதான். அரைமண்டியில், அதாவது முட்டியை இரு பக்கமும் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் நின்று அடவைப் பிடிக்கும்போது தொடை நடுங்குகிற நடுக்கத்தை ஆடியவர்களுக்குத் தெரியும், அதே அடவை மூன்றாம் காலத்தில், அதாவது வேகமான தாளத்தில் செய்யும்போது மூச்சு நன்றாகவே ஏறும். அரை மணி நேரத்துக்கு மேல் போகிற வர்ணம் என்கிற நீண்ட உருப்படியை முழுசாக ஆடி முடிக்கிற பிள்ளைக்கு இதய வலிமை கேட்காமலே வந்துவிடும். ஆனால் ஆரம்ப வகுப்பில் நடப்பது வேறு. ஒரு மணி நேர வகுப்பில் வரிசையில் நின்று காத்திருப்பது, முத்திரை சொல்வது, டீச்சர் திருத்துவதைக் கவனிப்பது என்று பாதிக்கு மேல் போய்விடும், மூச்சு ஏற ஏற இறங்கிவிடும். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடும் பயிற்சி வேண்டும். வகுப்பில்லாத நாளில் சைக்கிள் ஓட்டட்டும், தெருவில் ஓடிப்பிடித்து விளையாடட்டும், வகுப்பில் கற்ற அடவையே வீட்டில் நிறுத்தாமல் பத்து நிமிடம் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலில் ஓங்கித் தட்டி முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்றால் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். அரைமண்டியில் முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும், உள்ளே மடங்குகிறதா என்று டீச்சரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 55 வயது. முட்டி வலி, காலையில் முதுகு விறைப்பு. குனிய முடியவில்லை, எங்கே ஆடுவது? (வாசகி, பென்னாகரம்)

நாற்காலியில் உட்கார்ந்து ஆடுங்கள் அம்மா. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாட்டின் தாளத்துக்கு உட்கார்ந்தபடியே கால் மாற்றி மாற்றி நடை போடுங்கள். கூடவே கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டுங்கள். கை தலைக்கு மேலே போனாலே துடிப்பு கூடும், இரண்டு பாட்டு முடிவதற்குள் மூச்சு ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள். வலி குறைந்த நாளில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பக்கவாட்டில் எட்டு வைக்கலாம். முட்டி வலிக்கு அசைவுதான் மருந்து, தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் பாரம் குறையும்.

பென்னாகரம் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. குடிக்கிற தண்ணீர் எது? நம் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் முதலில் பல்லில் கறை, அளவு மிக அதிகமாக இருந்தால் அப்புறம் முதுகெலும்பும் மூட்டும் விறைத்துக்கொள்வது என்று போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தத் தண்ணீர் வருகிற ஊரில் இருந்துகொண்டும் "ருசி நல்லா இருக்கு" என்று போர் தண்ணீரைக் குடிக்கிற பல வீடுகளை எனக்குத் தெரியும், தயவுசெய்து குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள். முதுகு விறைப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட ஆரம்பியுங்கள்.

கேள்வி: வேர்க்க வேர்க்க ஆடினால்தான் கொழுப்பு கரையுமா? (வாசகர், ஊத்தங்கரை)

இல்லை. வேர்வை உடம்பு சூட்டைக் குறைக்க வருவது. ஊத்தங்கரை வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்க்கும். சித்திரை, வைகாசியில் மதிய நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஆடவே வேண்டாம், விடியற்காலையில் ஆடுங்கள்.

கேள்வி: ஐயா/அம்மா, எனக்கு 64 வயது. சிறு வயதிலிருந்து தெருக்கூத்து ஆடியவன். சென்ற வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மறுபடி சலங்கை கட்டலாமா? (வாசகர், அரூர்)

ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, அப்படிச் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் இல்லை. ஆனால் பயிற்சிக்கு ஆடுவதும் விடிய விடியக் கூத்து ஆடுவதும் ஒன்றல்ல.

கூத்தில் நீங்கள் செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று கட்டை அணிகலனின் கனம், அதோடு சுழன்று ஆட்டம், ஆடிக்கொண்டே உச்சக் குரலில் பாட்டு. மற்றவர்களுக்கு நான் "பாட முடியக் கூடாது" என்று சொல்கிற கணக்கு உங்களிடம் செல்லாது. மூச்சு வாங்கும்போதும் பாடுவதற்கு உங்கள் நெஞ்சு பழகியிருக்கிறது. அதனால் களைப்பு தெரியாமலே எல்லையைத் தாண்டிவிடக்கூடிய ஆள் நீங்கள். கூடவே தூக்கமில்லாத இரவு, விளக்குச் சூடு, இடையில் டீயும் பீடியும். பீடி இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் போய் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் செய்ய வேண்டுமா என்று கேட்பது. கூத்து ஆடுவேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், "வாக்கிங் போறேன்" என்று சுருக்காதீர்கள். அவர் சரி என்றால் தினமும் நடையில் தொடங்கி, பிறகு வேஷம் இல்லாமல், பாட்டு இல்லாமல், வெறும் அடியை மட்டும் பத்து நிமிடம் போடுங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். இத்தாலியில் இதயம் பலவீனமானவர்களையே வால்ட்ஸ் என்கிற ஜோடி ஆட்டம் ஆட வைத்துப் பார்த்தார்கள், சைக்கிளும் டிரெட்மில்லும் கொடுத்த பலனுக்கு இணையாக அதிலும் கிடைத்தது என்று 2008-ல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஆடியது மருத்துவர் மேற்பார்வையில், அளந்து அளந்து.

மேடைக்குப் போகிற நாள் வந்தால் முழு இரவு வேண்டாம், ஒரு காட்சி போதும். அடவை நீங்கள் ஆடுங்கள், பாட்டைப் பின்பாட்டுக்காரர்களிடம் விடுங்கள். கர்ணனுக்குப் பதில் உட்கார்ந்து பேசுகிற வேஷம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சின்னப் பையன்களுக்கு அடி சொல்லிக் கொடுங்கள், அதுவும் ஆட்டம்தான். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கிற வலி, காரணமில்லாத குளிர்ந்த வேர்வை, இதில் எது வந்தாலும் காட்சி முடியட்டும் என்று நிற்காமல் அங்கேயே உட்கார்ந்து 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பதினைந்து பேர். சாயங்காலம் கோயில் திடலில் கும்மி அடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். நாலைந்து பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர்களும் ஆடலாமா? (வாசகி, காரிமங்கலம்)

கட்டாயம் ஆட வேண்டும். வேலை செய்கிற தசை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அது அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நன்மை. அதனாலேயே ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைட், கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, பசி, பேச்சு குழறல் வந்தால் சந்தேகமே வேண்டாம், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், கால் மணி நேரம் உட்கார வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திடலுக்கு வரும்போது ஒரு டப்பாவில் சர்க்கரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்து வர வேண்டும். மதியம் களி சாப்பிட்டது ஆறு மணிக்குத் தாங்காது, கிளம்பும் முன் ஒரு கைப்பிடி சுண்டலோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடட்டும்.

கோயில் திடல் என்றால் வெறுங்காலில்தான் ஆடுவீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். திடலுக்கு வெளியே வேறு இடம் இருந்தால் அங்கே செருப்போ ஷூவோ போட்டு ஆடலாம், இல்லையென்றால் ஆடும் முன் தரையை நன்றாகப் பெருக்கிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளமோ கீறலோ இருந்தால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும், ஆறும்வரை அவர்கள் உட்கார்ந்தபடியே கொட்டட்டும்.